கிலோமீட்டர் 104ல இருந்து மச்சு பிச்சுக்கு ஒரு நாள் நடை: 59 வயசு அம்மாவால முடியுமா?

உங்க கேள்விய முழுசா படிச்சேன். பெருவுல இருக்கற மச்சு பிச்சுங்கற இன்கா காலத்து மலை நகரத்துக்குப் போற நாலு நாள் இன்கா ட்ரெயிலுக்கு பர்மிட் தீந்துபோச்சு, ஏஜென்சில "ரயில்ல போயி, பாதைல கிலோமீட்டர் 104னு குறிச்சிருக்கற இடத்துல இறங்கிடுங்க, கைடோட ஒரே நாள் நடந்தா மச்சு பிச்சு வந்துடும்"ங்கறாங்க, நீங்க, உங்க வீட்டுக்காரர், அம்மா மூணு பேரு, அம்மாவுக்கு 59 வயசு, தினம் வாக்கிங் போவாங்க ஆனா மாடிப்படி இறங்கறப்ப முட்டி வலிக்கும், இத நம்பி போலாமா இல்ல பேசாம பஸ்ல ஏறிடலாமானு கேட்டிருக்கீங்க. கடைசில "இது டூரிஸ்டுக்காக வெட்டின ஷார்ட்கட் தானே"னு ஒரு வரி சேத்திருக்கீங்க. எனக்கு அந்த வரிதான் உங்க நிஜக் கேள்வியா படுது. அம்மாவ கஷ்டப்படுத்தி கூட்டிட்டுப் போற அளவுக்கு அந்த நடைல ஏதாவது இருக்கா, அதானே?

நான் சிவில் இன்ஜினியர், மலை ரோடுங்கள்ல சரிவு சரியாம தடுப்புச்சுவர் கட்டறது, தண்ணிய வடிக்கறது, இதுதான் பல வருஷமா சோறு போடற வேலை. கூடவே மலையேத்தத்துக்கு குரூப் கூட்டிட்டுப் போற பழக்கமும் உண்டு, இந்தப் பாதையும் நடந்திருக்கேன். டாக்டர் கிடையாது, தொல்லியல் படிச்சவனும் கிடையாது, அதனால முட்டி, மருந்து பத்தி நான் சொல்றத உங்க டாக்டர்கிட்ட ஒருக்கா கேட்டுக்கோங்க, வரலாறு பத்தி சொல்றப்ப எது ஆதாரத்தோட இருக்கு எது ஊகம்னு பிரிச்சே சொல்றேன்.

முதல்ல ஷார்ட்கட் சந்தேகம். நாலு நாள்காரங்க கிலோமீட்டர் 82ல ஆரம்பிச்சு சுமார் 43 கிலோமீட்டர் நடந்து, 4,215 மீட்டர் உயரத்துல ஒரு கணவாயத் தாண்டி, கடைசில வின்யாய் வாய்னாங்கற இன்கா இடிபாட்டுக்கு வருவாங்க. நீங்க 104ல இருந்து நேரா அந்த வின்யாய் வாய்னாவுக்கு ஏறிப் போயி சேருவீங்க. அங்கிருந்து இன்டி புங்குங்கற சூரிய வாசல் வழியா மச்சு பிச்சு வரைக்கும் அவங்க நடக்கறதும் நீங்க நடக்கறதும் ஒரே பாதை, இன்கா காலத்துப் பாதை. இன்காக்கள் ஆண்டிஸ் மலை நெடுக போட்ட ரோடு வலை மொத்தமா 30,000 கிலோமீட்டர்னு கணக்கு, இப்ப ஆறு நாட்டுல பரவி இருக்கு, 2014ல யுனெஸ்கோ அத உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. நீங்க நடக்கப்போறது அதுல ஒரு சின்னத் துண்டுதான், ஆனா நெசமான துண்டு. விட்டுப்போறது அந்த உயரமான கணவாயும் டென்ட்ல தூங்கறதும். அம்மாவோட போறவங்களுக்கு அது நஷ்டம்னு நான் சொல்லமாட்டேன்.

வழி எப்படி இருக்கும்னா, விடிகாலைல ஒல்லான்டாய்டாம்போ ஸ்டேஷன்ல ரயில் ஏறணும். உருபம்பா ஆத்தங்கரையோட போயி 104ல ரயில் கொஞ்ச நேரம்தான் நிக்கும், அங்க ஸ்டேஷன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, பையத் தூக்கிட்டு சட்டுனு இறங்கிடணும். ஆத்து மேல ஒரு நடைபாலம், தாண்டுனதும் பாஸ்போர்ட், பர்மிட் செக் பண்ணுவாங்க. பர்மிட்ல இருக்கற பேரும் நம்பரும் பாஸ்போர்ட்டோட அப்படியே ஒத்துப்போகணும், கைடு இல்லாம விடவே மாட்டாங்க. கொஞ்ச தூரத்துல மரங்களுக்கு நடுவுல சச்சபம்பாங்கற இன்கா இடிபாடு. நிறைய பேரு இத அஞ்சு நிமிஷத்துல போட்டோ எடுத்துட்டு நகந்துடறாங்க, அது பாவம். நடுவுல செதுக்கின ஒரு பெரிய பாறை, அதச் சுத்தி கட்டடம், கட்டடத்தச் சுத்தி குளியல் தொட்டிங்க, மொத்தம் 14 தொட்டி. சமீபத்துல போலந்து, பெரு ஆய்வாளர்கள் ட்ரோன்ல லேசர் ஸ்கேனர் வெச்சு மேல இருந்து பாத்ததுல சுத்துப்புறக் காட்டுக்குள்ள மூடிக்கிடந்த வேற கட்டடங்களும் தெரிஞ்சுது, அதாவது இந்த இடத்த இன்னும் முழுசா தோண்டி முடிக்கல.

அதுக்கப்புறம் ஏத்தம். ஆத்தங்கரை 2,100 மீட்டர் சொச்சம், வின்யாய் வாய்னா 2,650 பக்கம், ஆக ஐநூறு மீட்டருக்கு மேல உயரம், மெதுவா போனா மூணு மணி நேரம் ஆகும். இந்த ஏத்தத்துல பெரும்பகுதி மரநிழல் கிடையாது, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கீழ ஆறும் ரயில் பாதையும் நூல் மாதிரி தெரியும், வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். வின்யாய் வாய்னா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு அருவி இருக்கு, அங்க ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க, அடுத்து வர்ற படிக்கட்டுக்கு கால் தயாரா இருக்கும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டேன், கொஞ்சம் நீளமாதான் சொல்லுவேன். வின்யாய் வாய்னாவ, 1911ல மச்சு பிச்சுவ வெளியுலகத்துக்கு தெரியவெச்ச அமெரிக்கர் ஹிராம் பிங்காம் பாக்கல, 1940-41ல பால் ஃபேயோஷ் தலைமையில வந்த ஒரு குழுதான் வெளில கொண்டுவந்துச்சு. மலைச்சரிவு எப்படி வளையுதோ அப்படியே வளைஞ்சு, அடுக்கடுக்கா மாடிவயல். மேல ஒரு கட்டடக் கூட்டம், கீழ ஒரு கட்டடக் கூட்டம், ரெண்டையும் இணைக்கற நீளமான படிக்கட்டு, அந்தப் படிக்கட்டு ஓரமாவே வரிசையா தண்ணித் தொட்டிங்க. ஒரு தொட்டிகிட்ட குனிஞ்சு பாருங்க. கல்லுல விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும், அதோட நுனி சுவர விட்டு கொஞ்சம் வெளில நீட்டிட்டு இருக்கும், அதனால தண்ணி சுவத்துல ஒட்டி வழியாம தனியா தாரையா விழும். கீழ சதுரத் தொட்டி, அதுல இருந்து தண்ணி வெளிய போக ஒரு ஓட்டை, அங்கிருந்து அடுத்த தொட்டிக்கு. மச்சு பிச்சுல இதே மாதிரி 16 ஊத்து இருக்கு, அத கென்னத் ரைட்ங்கற அமெரிக்க நீரியல் இன்ஜினியர் வருஷக்கணக்குல அளந்திருக்காரு: மலைல இருக்கற சுனைல இருந்து 749 மீட்டர் நீள வாய்க்கால்ல தண்ணி வருது, முதல் ஊத்து ராஜா வீடுனு சொல்லப்படற கட்டடத்துக்குப் பக்கத்துல, தண்ணி அங்க போன அப்புறம்தான் மத்தவங்களுக்கு. தாரை விழற விதம் மண்குடத்துல பிடிக்கறதுக்கு ஏத்த மாதிரி இருக்குனும் அவர் சொல்றாரு.

மாடிவயல் சுவர எல்லாரும் "விவசாயம்"னு சொல்லிட்டு தாண்டிடுவாங்க. விவசாயமும்தான், ஆனா எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு அது முதல்ல தடுப்புச்சுவர். மச்சு பிச்சு பக்கம் வருஷத்துக்கு 1,900 மில்லிமீட்டருக்கு மேல மழை. செங்குத்தான சரிவுல அவ்வளவு தண்ணி மண்ணுக்குள்ள தேங்குச்சுன்னா சுவருக்குப் பின்னாடி அழுத்தம் ஏறி சுவர் வெளிப்பக்கமா சாயும், மலை ரோட்டுல மழைக்காலத்துல விழற சுவருங்கள்ல நிறைய இப்படித்தான் விழுது, சுவர் பலமில்லாம கிடையாது, பின்னாடி தண்ணி போக வழியில்லாம. மச்சு பிச்சு மாடிவயல தோண்டிப் பாத்தப்ப மேல விளையற மண்ணு, அதுக்குக் கீழ மணலும் சரளையும், அடியில பெரிய கல்லுங்கனு அடுக்கி வெச்சிருந்தாங்க, மழைத்தண்ணி நிக்காம கீழ இறங்கிடும். சுவரும் நேரா நிக்காது, மலைப்பக்கமா லேசா சாஞ்சு நிக்கும். இரும்பு கிடையாது, சிமெண்ட் கிடையாது, அஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கணிசமான சுவர் இன்னும் அதே இடத்துல இருக்கு. பஸ்ல போனா இந்த மாடிவயல தூரத்துல பச்சையா ஒரு பின்னணியா பாப்பீங்க. நடந்து போறப்ப அதோட பக்கத்துல, அதோட படி மேலயே மணிக்கணக்குல போறீங்க, கை வெச்சுப் பாக்கற தூரத்துல. (கை வெக்க வேண்டாம், வாட்ச்மேன் விசில் அடிப்பாரு, சரியாதான் அடிக்கறாரு.) இந்த ஒரு காரணத்துக்காகவே, உடம்பு ஒத்துழைக்கறவங்க நடந்து போகணும்ங்கறது என் கட்சி.

கைடு சொல்றதுல எத எவ்வளவு நம்பறதுனு ஒரு அளவு வெச்சுக்கோங்க. இன்காக்கள்கிட்ட நாம சொல்ற அர்த்தத்துல எழுத்து கிடையாது, கயித்துல முடிச்சுப் போட்டு கணக்கு வெச்சாங்க, அதனால "இந்த ரூம்ல இது நடந்துச்சு"னு சொல்ற முக்கால்வாசி விஷயம் கட்டட அமைப்பப் பாத்து, அப்புறம் வந்த ஸ்பானிஷ்காரங்க எழுதினத வெச்சு ஊகிச்சதுதான். கெட்டியா இருக்கறது எதுன்னா, மச்சு பிச்சு 15ஆம் நூற்றாண்டுல உருவானது, பச்சகூட்டிங்கற பேரரசரோட குடும்பச் சொத்தா இருந்திருக்கணும்னு 16ஆம் நூற்றாண்டு நிலப் பத்திரம் ஒண்ண வெச்சு ஆய்வாளர்கள் சொல்றது பரவலா ஏத்துக்கப்பட்டிருக்கு. 2021ல அங்க கிடைச்ச எலும்புகளோட வயச ரேடியோகார்பன் முறைல கணிச்சு, 1420 வாக்குலயே ஆள் இருந்திருக்காங்கனு சொன்னாங்க, முன்ன நெனச்சத விட இருபது வருஷமாவது முந்தி. சூரியக் கோயில்னு சொல்ற வளைஞ்ச கட்டடத்தோட ஜன்னல் ஜூன் மாசத்து சூரிய உதயத்துக்கு நேரா இருக்கறதும் அளந்து சொன்ன விஷயம்.

அடுத்து தப்புனு தெரிஞ்சும் இன்னும் சுத்திட்டு இருக்கற கதை: "இது சூரியக் கன்னிகளோட ஊரு". பிங்காம் காலத்துல எலும்புகளப் பாத்தவர் பெரும்பாலும் பொம்பளைங்கனு எழுதிட்டாரு, பின்னாடி ஜான் வெரானோங்கற எலும்பு ஆய்வாளர் மறுபடி பாத்தப்ப ஆணும் பொண்ணும் கிட்டத்தட்ட சமமா இருந்துச்சு. "பிங்காம் கண்டுபிடிச்சாரு"ங்கறதும் அப்படித்தான், அவர் போனப்ப அங்க விவசாயக் குடும்பங்க குடியிருந்தாங்க, அதுக்கு முன்னாடியே 1902ல அகுஸ்டின் லிசாராகாங்கற உள்ளூர்க்காரர் வந்து சுவத்துல பேரு எழுதிட்டுப் போயிருக்காரு. வின்யாய் வாய்னாவும் சச்சபம்பாவும் "யாத்ரீகர்கள் குளிச்சு சுத்தமாகற இடம்"னு கைடு அடிச்சு சொல்லுவாரு. இருக்கலாம், அத்தன தொட்டிய வேற எதுக்கு கட்டுவாங்கனு கேட்டா எனக்கும் பதில் இல்ல, ஆனா அது நல்ல ஊகம், அவ்வளவுதான். அதே மாதிரி "கல்லுக்கு நடுவுல பிளேடு போகாது"ங்கறது முக்கியமான கட்டடங்களுக்குத்தான் பொருந்தும், வழில நீங்க பாக்கப்போற சுவர் நிறைய சொரசொரப்பான கல்லும் களிமண் சாந்தும்தான், அத வெச்சு ஏமாந்துடாதீங்க, மழைக்கு நின்னது அந்த சுவரும்தான்.

சரி, அம்மா விஷயம். எல்லாரும் பயப்படறது உயரத்துக்கு, ஆனா இந்த நடை மொத்தமும், நீங்க ஃபிளைட்ல வந்து இறங்கற குஸ்கோ ஊர விடக் கீழ நடக்குது. குஸ்கோ 3,400 மீட்டர், நீங்க நடக்கற பாதைல உயரமான இடம் இன்டி புங்கு, 2,700 சொச்சம். பெருவோட தலைநகர் லிமா கடல் மட்டத்துல இருக்கு, அங்கிருந்து ஒண்ணரை மணி நேர ஃபிளைட்ல குஸ்கோ இறங்கறப்பதான் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரும். அதனால குஸ்கோ ஏர்போர்ட்ல இருந்து அன்னிக்கே காரப் பிடிச்சு ஒல்லான்டாய்டாம்போ பக்கம் இறங்கிடுங்க, அது 2,800 மீட்டர், அங்க ரெண்டு ராத்திரி தங்கி, நடைய முடிச்சுட்டு, குஸ்கோவ கடைசில வெச்சுக்கோங்க. நிறைய பேரு இத தலைகீழா பண்ணி முதல் ரெண்டு நாள ஹோட்டல் ரூம்லயே கழிக்கறாங்க. மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வேணுமானு ஊருலயே டாக்டர்கிட்ட கேளுங்க, சல்ஃபா அலர்ஜி, கிட்னி பிரச்சனை, பிபி மாத்திரை இருந்தா கட்டாயம் சொல்லணும். சும்மா உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்குது, நடை தள்ளாடுது, பேச்சு குழம்புதுன்னா டீ குடிச்சு சமாளிக்கற விஷயம் இல்ல, உடனே கீழ இறங்கி ஆஸ்பத்திரி போகணும். கோகா இலை டீ எல்லா ஹோட்டல்லயும் தருவாங்க, குடிச்சா இதமா இருக்கும், மலைநோயத் தடுக்கும்ங்கறதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல. ஆசையா இருக்குனு அந்த டீ பாக்கெட்ட மட்டும் இந்தியாவுக்கு எடுத்துட்டு வந்துடாதீங்க, இங்க போதைப்பொருள் சட்டத்துல வருது.

நிஜமான சோதனை முட்டிக்குத்தான். இன்கா படிக்கு ஒரே அளவு கிடையாது, ஒண்ணு நாலு இஞ்ச் இருக்கும், அடுத்தது முழங்கால் உசரம் இருக்கும், மழை பேஞ்சா வழுக்கும். வின்யாய் வாய்னாவுக்கு அப்புறம் காட்டு நிழல்ல ஓரளவு சமமா போகும், இன்டி புங்குவுக்கு முன்னாடி ஒரு செங்குத்துப் படி வரும், கையையும் ஊணி ஏறற மாதிரி, அது கொஞ்சம்தான். ஆனா இன்டி புங்குல இருந்து மச்சு பிச்சுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கல்லு மேல இறக்கம், அதுவும் ஆறு மணி நேரம் நடந்த களைப்புல. இறங்கறப்ப வலிக்கற முட்டிக்கு அதுதான் பிரச்சனை. வீட்டுலயே சோதிச்சுப் பாக்கலாம். திருப்பதிக்கு அலிபிரி வழியா அம்மா நடந்து ஏறி இருக்காங்களா? அது 3,550 படி, உயரக் கணக்குல இத விட அதிகம்தான், ஆனா கூரை இருக்கு, கடை இருக்கு, படி ஒழுங்கா இருக்கு. அத ஏறிட்டு, பஸ் பிடிக்காம நடந்தே இறங்கி, மறுநாள் காலைல எழுந்து சாதாரணமா நடக்க முடிஞ்சா தைரியமா கூட்டிட்டுப் போங்க. இறங்கறப்ப பாதில உக்காந்துட்டாங்கன்னா வேண்டாம். ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னா, நடுவுல ரோடு கிடையாது, வண்டி வராது, முடியலன்னா வந்த வழியே திரும்பணும் இல்ல முன்னால நடந்தே தீரணும், மத்தியானம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல செக்போஸ்ட்ல விடவும் மாட்டாங்க. நாலு நாள் ட்ரெயில்ல இருக்கற மாதிரி சுமை தூக்கறவங்களும் இதுல வரமாட்டாங்க, பை உங்க முதுகுலதான்.

எடுத்துட்டுப் போறது ரொம்ப யோசிக்க வேண்டாம். ஆளுக்கு ரெண்டு லிட்டருக்குக் குறையாம தண்ணி, தொப்பி, சன்ஸ்கிரீன், மழைக்கோட்டு, ரப்பர் முனை போட்ட ஊன்றுகோல் (ரப்பர் இல்லாத முனை கல்ல கெடுக்கும்னு விடமாட்டாங்க), ஆத்தங்கரைல கடிக்கற குட்டி ஈக்கு முழுக்கை சட்டை. நீங்க சைவம்னா முட்டை, கோழி ஸ்டாக் போட்ட சூப் ரெண்டும் வேண்டாம்னு தனித்தனியா எழுதிக் குடுங்க, வெறும் "வெஜிடேரியன்" பத்தாது. மாசம் மே முதல் செப்டம்பர் வரைக்கும் நல்லது. ஜனவரி, பிப்ரவரி மழைல போகவேண்டாம்னுதான் சொல்வேன், 2010 ஜனவரில வெள்ளமும் மண்சரிவும் ரயில் பாதைய அடிச்சுட்டுப் போயி ஆயிரக்கணக்கான டூரிஸ்டுங்கள ஹெலிகாப்டர்ல தூக்க வேண்டியதாச்சு.

ஊருல இருந்து கிளம்பறவங்க மறக்கறது மஞ்சள் காய்ச்சல் ஊசி. மச்சு பிச்சு பக்கம் அந்த நோய் கவலை கிடையாது, ஆனா பெரு நாடு இந்திய அரசோட பட்டியல்ல இருக்கு, திரும்பி வர்றப்ப சான்றிதழ் கேப்பாங்க, இல்லன்னா தனிமைப்படுத்தற வாய்ப்பு இருக்கு. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் சான்றிதழ் செல்லும், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க. அறுபத நெருங்கறவங்களுக்கு முதல் தடவை இந்த ஊசி போடறப்ப டாக்டர் கொஞ்சம் யோசிச்சுதான் போடுவாங்க, அம்மாவுக்கு இத கடைசி வாரத்துக்கு தள்ளிப்போடாதீங்க.

அலிபிரி சோதனைல அம்மாவுக்கு முடியலன்னு தெரிஞ்சா ஒரு வழி இருக்கு. நீங்க 104ல இறங்கற அதே ரயில்தான் நேரா மச்சு பிச்சு மலையடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியென்டெஸ் வரைக்கும் போகுது. அம்மாவும் உங்க வீட்டுக்காரரும் இறங்காம உக்காந்து போயிடட்டும், அங்க ஹோட்டல்ல ரெஸ்ட் எடுக்கட்டும், நீங்க கைடோட நடந்து சாயங்காலம் மச்சு பிச்சுல இருந்து பஸ்ல இறங்கி அவங்ககிட்ட போயிடுங்க. மறுநாள் காலைல மூணு பேரும் ஒண்ணா பஸ்ல மேல போங்க. அதுக்கு மூணு பேருக்கும் தனியா நுழைவு டிக்கெட் வாங்கணும், நடைபாதை பர்மிட் மறுநாளைக்கு செல்லாது. உள்ள இப்ப மூணு சர்க்யூட்டா பிரிச்சு விடறாங்க, ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வழிதான், ஏஜென்சிகிட்ட எந்த சர்க்யூட்னு எழுத்துல வாங்கிட்டு பணம் கட்டுங்க, போட்டோல பாக்கற அந்தக் காட்சியும் கீழ கட்டடங்களுக்கு நடுவுல நடக்கறதும் ரெண்டுமே வேணும்னா ரெண்டாவது சர்க்யூட்டக் கேளுங்க.